டேங்குக்குள் செம்மண்

முந்திரி சீசன் முடிந்து ஆடிப் பட்டம் தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி வரும். அதில் சும்மா நின்ற டிராக்டர்கள் எல்லாம் இப்போது வேலைக்குக் கூப்பிட்டால் முரண்டு பிடிக்கின்றன போலிருக்கிறது. வரதராஜன்பேட்டையிலிருந்து ஒருவர் தொடங்கி வைத்தார். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. சினிமா கேள்வி, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருளவும். இந்த வாரம் முழுக்க டீசல் வாடைதான்.

முந்திரித் தோப்புக்காரர், வரதராஜன்பேட்டை: டிராக்டர் நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது. கால் காணி ஓட்டுறதுக்குள்ள தானா நின்னுடுது. பத்து நிமிஷம் பீடி குடிச்சிட்டு வந்து அடிச்சா மறுபடி ஓடுது. தோப்புல ஏதாவது இருக்குமோ?

தோப்பில் இல்லை, டேங்கில் இருக்கிறது. உள்ளே உரிந்த துருச் செதில்கள் டீசலோடு சேர்ந்து ஓடிவந்து வெளிவாயில் அடைத்துக்கொள்கின்றன. எஞ்சின் பட்டினியில் நிற்கிறது. இழுப்பு நின்றதும் செதில்கள் மெல்லக் கீழே படிகின்றன, வழி திறக்கிறது. உங்கள் பீடிதான் வண்டியைச் சரிசெய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். முதலில் வேகமாக வந்து பிறகு நூலாக இளைத்தால் அடைப்பு. இளைத்தபோது டேங்க் மூடியைத் திறந்ததும் வேகம் திரும்பினால் குற்றவாளி மூடி: அதிலுள்ள காற்றுத் துளை அடைந்திருக்கிறது. ஒரு குண்டூசியோடு செலவு முடிந்தது. டியூபைக் கழற்றும்போது அந்தப் பீடி மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரு விவசாயி, ஆண்டிமடம்: பில்டர் கிண்ணத்தில் செம்மண் கரைசல் மாதிரி நிற்கிறது. நம்ம ஊர் மண்ணே செம்மண். புழுதிதான் உள்ளே போயிருக்குமோ?

இரண்டும் ஒரே நிறம்தான். நம் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். படிவை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மண் நறநறக்கும், துரு மை போல இழுவி விரலில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் சந்தேகம் என்றால் வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து அதில் ஒரு சிட்டிகை போட்டு வையுங்கள். துரு கரைந்து நீர் மஞ்சளாகும், மண் அடியில் அப்படியே கிடக்கும்.

மண் என்றே தெரிந்தால் டேங்க் மூடிக்குப் பதிலாக என்ன செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதி வண்டிகளில் மூடி தொலைந்து, பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் உரப்பையைக் கட்டியிருப்பார்கள். புழுதியும் மழையும் கூச்சமில்லாமல் வந்துபோக அதைவிட நல்ல வாசல் கிடையாது.

தமிழாசிரியர் (ஓய்வு), உடையார்பாளையம்: டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக மழையில் நிற்கிறது, துருப்பிடிக்கவில்லை. என் டிராக்டர் டேங்க் கூரைக்கு அடியில் நின்றும் துருப்பிடிக்கிறதே?

தூணுக்கு உள்ளே பாஸ்பரஸ் இருக்கிறது, உங்கள் டேங்க் தகட்டில் அந்த அளவுக்கு இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அதை விளக்கினார். பழைய கொல்லர்கள் கரி போட்டு உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் நிறையத் தங்கிவிட்டது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, அந்தப் பாஸ்பரஸ் மேலே மெல்லிய காப்புப் படலமாகப் பரவி இரும்பை மூடிவிட்டது. இன்று ஹார்டுவேர் கடையில் விற்கும் நல்ல துரு நீக்கிகளில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதும் ஏறக்குறைய இதே காரியத்துக்குத்தான்: துருவைக் கரைப்பதோடு மேலே ஒரு பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். இன்னொரு வித்தியாசம், தூணுக்குள் யாரும் அரை டேங்க் டீசல் ஊற்றி மார்கழியில் நிறுத்திவைக்கவில்லை.

அவரே மறுபடி: மார்கழிக்கும் டேங்குக்கும் என்ன சம்பந்தம்?

டேங்க் மூச்சு விடுகிறது, ஐயா. பகலில் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடித்துளை வழியே வெளியேறும். ராத்திரி குளிரும்போது வெளிக்காற்றைப் பனியோடு சேர்த்து உள்ளே இழுக்கும். அந்த ஈரம் காலித் தகட்டில் வியர்த்து, சொட்டி, டீசலுக்கு அடியில் போய்ச் சேரும். டீசல் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் கீழேயே குடியிருக்கும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் தொடாத மேல் பாதியிலும், தண்ணீர் தங்கும் அடிமூலையிலும்தான் துரு இருக்கும். நடுவில் டீசல் நின்ற இடம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் டிராக்டருக்கு வேலை இல்லாமல், டேங்கில் ஐந்தாறு லிட்டரோடு விட்டுவிட்டால் தைக்குள் உள்ளே சிவந்துவிடும்.

சிறு விவசாயி, செந்துறை: டேங்க் நிரப்பி நிறுத்தினால் டீசலைத் திருடிவிடுகிறார்கள். காலியாக நிறுத்தினால் துரு என்கிறீர்கள்.

திருடன் என்றைக்கோ ஒருநாள்தான் வருவான். ஈரம் தினமும் வருகிறது. பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிரப்பி நிறுத்துங்கள்.

அதே ஊர், வேறு வாசகர்: கயிற்றில் ஒரு காந்தம் கட்டி உள்ளே விட்டால் துரு முழுக்க ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா?

இரும்பு ஒட்டும், கறுப்புத் துரு கொஞ்சம் ஒட்டும். நீங்கள் பயப்படும் செந்துரு காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காது. தொலைந்த நட்டு ஏதாவது கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அவசரக்காரர், ஜெயங்கொண்டம்: கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு பாட்டில் ஊற்றினால் அரை மணியில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆகும், பொய் சொல்லவில்லை. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குத் துரு எது, தகடு எது என்று பேதம் தெரியாது. துருவைத் தின்று முடித்ததும் டேங்கைத் தின்னத் தொடங்கும், கூடவே ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கழுவி வெயிலில் வைத்தால் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தகடு மறுபடி சிவந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் டிராக்டர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இல்லத்தரசி, வரதராஜன்பேட்டை: குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, டேங்குக்கு ஆகாதா? வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

அவர் சிரிக்க வேண்டாம், உங்கள் யோசனை சரியான திசையில்தான் போகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவையும் கரைக்கும். ஆனால் 45 லிட்டர் டேங்குக்குப் புளி கரைத்தால் வீட்டில் வருஷம் முழுக்க ரசம் இருக்காது, சக்கையும் டேங்க் மூலையில் போய் அடைத்துக்கொள்ளும். அதே வேலையைச் சக்கையில்லாமல் செய்வது எலுமிச்சை உப்பு, கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

வீட்டுக்காரரிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, மிதவையையும் அடி டேப்பையும் கழற்றி, ஓட்டைகளை ரப்பர் கார்க்கால் அடைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு டீசல் பிசுக்கை முதலில் எடுக்க வேண்டும், பிசுக்கு இருந்தால் அமிலம் தகட்டைத் தொடாது. பிறகு 20 லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோ கணக்கில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் துரு அதிகமுள்ள மேல்பகுதி வறண்டு நிற்கும். ஒரு ராத்திரி வைத்துக் காலையில் பார்த்தால் நீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருக்கும். துரு போயிருந்தால் உடனே கொட்டிவிட வேண்டும், நாள்கணக்கில் ஊறவிட்டால் இதுவும் தகட்டைக் கடிக்கும். ஆப்பசோடா கரைத்த நீரில் ஒருமுறை, நல்ல நீரில் இரண்டுமுறை அலச வேண்டும்.

அடுத்த கால் மணி நேரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். புதிதாய்க் கழுவிய இரும்பு காற்றுப் பட்டதுமே சிவக்கும். ஹேர் டிரையரோ புளோயரோ வைத்துச் சூடாக உலர்த்தி, ஈரம் போன கையோடு ஒரு லிட்டர் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து உள்ளே ஊற்றி, டேங்கை நாலு பக்கமும் புரட்ட வேண்டும். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்க வேண்டாம்.

கரும்பு விவசாயி, வேப்பந்தட்டை: மொலாசஸில் ஊறவைத்தால் துரு போகும் என்று கேள்விப்பட்டேன். எறையூர் ஆலை பக்கத்தில்தான்.

போகும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஒன்றிரண்டு வாரம் ஊறவைத்தால் நல்ல தகட்டைப் பெரிதாகத் தொடாமல் துருவைப் பிடித்து இழுத்துவிடும். ஆனால் மொலாசஸ் டிரம்மை வீட்டில் வைத்திருந்தால், துருவைப் பற்றி விசாரிக்க வருகிறவர் மெக்கானிக்காக இருக்க மாட்டார்.

கட்டடத் தொழிலாளி, அரியலூர்: ஜல்லியைப் போட்டுக் குலுக்கினால்?

உரியும். ஜல்லியில் சில டேங்கிலேயே குடியேறி, பிறகு வெளிவாயை அடைக்கும் வேலையைத் துருவிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஜல்லிக்குப் பதில் ஒரு முழம் இரும்புச் சங்கிலியைப் போடுங்கள். எத்தனை குலுக்கினாலும் ஒரு முனையைப் பிடித்தால் மொத்தமும் வெளியே வந்துவிடும். சங்கிலியால் உதிர்த்துவிட்டு, மிச்சத்துக்கு எலுமிச்சை உப்பு என்பதுதான் என் சிபாரிசு.

பாலிடெக்னிக் மாணவன், பெரம்பலூர்: பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கலாம் என்று படித்தேன். அப்பா நம்பவில்லை.

அப்பாவை நம்ப வை, தம்பி, நீ படித்தது உண்மைதான். சுத்தமாகக் கழுவிய டேங்கில் தண்ணீரும் சலவை சோடாவும் (பத்து லிட்டருக்கு ஒரு கைப்பிடி) நிரப்பு. வாய் வழியாக ஒரு முறுக்குக் கம்பியை உள்ளே தொங்கவிடு. கம்பி டேங்கை எங்கும் தொடாமல் இருக்க, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்று. சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் கம்பி பிழைக்கும், அப்பாவின் டேங்க் கரையும்.

நுரை பொங்கும். அந்தக் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆகவே திறந்த வெளியில், தீப்பொறிக்கு எட்டாமல் செய். சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் கம்பியை மட்டும் போடாதே, அதிலிருந்து குரோமியம் விஷம் நீரில் இறங்கும். கம்பி நேராகப் பார்க்கும் பக்கம்தான் நன்றாக உரியும், நடுநடுவே இடம் மாற்று. நல்ல தகடு ஒரு துளிகூடக் குறையாது என்பதுதான் இந்த முறையின் அழகு. அப்பாவிடம் இதைச் செய்து காட்டிவிட்டு அரியர் பற்றிய பேச்சை எடுக்கலாம்.

வெல்டர், மீன்சுருட்டி: துரு அரித்த ஓட்டையைப் பற்றவைக்கச் சொல்லிக் காலி டேங்கைக் கொண்டுவருகிறார்கள். காலிதானே, பயப்படலாமா?

கட்டாயம் பயப்பட வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் நகைச்சுவையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறேன்.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் கொல்லும். டீசல் திரவமாக இருக்கும்போது அவ்வளவு எளிதில் பற்றாது, ஆவிதான் பற்றும். நம் நாட்டு டீசல் பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கத் தொடங்கும் சூட்டுக்குத் தரக்கட்டுப்பாடு வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லையே 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் அரியலூர் நிழலே அதைத் தாண்டும். உள்ளே தகட்டில் படலமாக ஒட்டியிருக்கும் டீசலுக்கும், துருச் செதிலுக்குள் ஊறியிருக்கும் டீசலுக்கும் உங்கள் டார்ச் சூடு கொடுத்தால் ஆவியும் தயார், காற்றும் தயார், நெருப்பும் தயார். கண்ணுக்கு உலர்ந்து தெரிவதும் மூக்குக்கு வாடை இல்லாததும் சாட்சியே அல்ல.

வெந்நீரும் சோப்பும் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவச் சொல்லுங்கள். மூடி, டேப், மிதவை எல்லாம் கழன்றிருக்க வேண்டும். ஓட்டை மேலே வரும்படி சாய்த்துவைத்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீரை நிரப்பினால் ஆவிக்கு அநேகமாக இடமே இருக்காது. அதற்குப் பிறகும் முகத்தை வாய்க்கு நேராக வைக்கக் கூடாது. இதற்கெல்லாம் நேரமில்லை என்று கொண்டுவந்தவர் சொன்னால், உங்களுக்கும் நேரமில்லை என்று திருப்பி அனுப்புங்கள். கூலி போனால் போகட்டும்.

டிராக்டர் டிரைவர், தென்னூர்: வழியில் பொட்டு ஒழுக்கல். வெல்டிங் வரை வீட்டுக்குப் போய்ச் சேர வழி?

குளியல் சோப்பைத் தண்ணீர் படாமல் பிசைந்து ஓட்டையில் அழுத்தித் தேயுங்கள். டீசலில் சோப்பு கரையாது. லாரிக்காரர்களின் பழைய வித்தை. ஊர் போய்ச் சேரும்வரைதான் அது தாங்கும், அடுத்த அறுவடை வரை தாங்கும் என்று விட்டுவிட வேண்டாம்.

முந்திரி உடைக்கும் ஆலைக்காரர், வரதராஜன்பேட்டை: முந்திரி ஓட்டு எண்ணெய்யைப் படகுக்குப் பூசுவார்கள், மரம் அரிக்காது. டேங்குக்குள் பூசினால் துரு வராதா?

பச்சை எண்ணெய்யை ஊற்றிவிடாதீர்கள். கையில் பட்டால் தோலை உரிக்கும் என்று உங்களிடம் வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியும். டீசல் அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு போய் பில்டரில் கோந்தாக அப்பிவிடும்.

ஆனாலும் உங்கள் யோசனையில் சத்து இருக்கிறது. அந்த எண்ணெய்யிலிருந்து கார்டனால் என்ற பொருளைப் பிரித்து, அதிலிருந்து எபாக்சி பெயின்ட்டை இறுகவைக்கும் ஹார்டனர் செய்கிறார்கள். ஈரமான இரும்பிலும் பிடிக்கும் என்பதால் கப்பல்களுக்கு அடிக்கும் பெயின்ட்டில் அதற்கு நல்ல கிராக்கி. பிரேக் லைனிங்கிலும் முந்திரி ஓட்டு எண்ணெய் இருக்கிறது. நீங்கள் டின் கணக்கில் விற்றுத் தள்ளுவது வேறு டின்னில், வேறு பெயரில், வேறு விலையில் உங்களிடமே திரும்பி வருகிறது. டேங்குக்குள் பூசுவதென்றால் டீசலுக்கு ஈடுகொடுக்கும் எபாக்சி பூச்சு என்று டின்னில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். துரு மிச்சமிருக்கும் தகட்டில் பூசினால் பூச்சு தோலாக உரிந்து, பழைய அடைப்பு புது நிறத்தில் வரும்.

தகர வேலைக்காரர், விருத்தாசலம்: ஜி.ஐ. தகட்டில் புது டேங்க் செய்து கொடுத்தால் துருத் தொல்லையே இல்லையே?

துருத் தொல்லை குறையும், வேறு தொல்லை முளைக்கும். டீசல் பழசாகும்போது உண்டாகும் அமிலங்கள் ஜி.ஐ. மேலுள்ள துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பிசினாகும். அது நாசில் வரை போகும். சாதாரண இரும்புத் தகடே போதும்.

ஒரு பெரியவர், இலையூர்: கொஞ்சம் துரு போனால் என்ன இப்போ? இரும்புச் சத்துதானே!

உங்களுக்கு நல்லது, பம்புக்கு ஆகாது. டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் எஃப்.ஐ.பி. பம்புக்குள் பிளஞ்சரும் அதன் உறையும் உராயும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். உங்கள் நரைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அதற்குள் துருப்பொடி போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். தேய்ந்த பம்பு அழுத்தம் கொடுக்காது, நாசில் தூவாது, மூக்கைச் சிந்தும். டேங்க் கழுவ எலுமிச்சை உப்புக்கு ஆகும் செலவையும் பம்பு கேலிபரேஷன் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரும்புச் சத்து எவ்வளவு விலை என்று தெரியும்.

எச்.எம்.டி. வைத்திருப்பவர், குன்னம்: டேங்க் அரித்தேபோய்விட்டது. கம்பெனி டேங்க் எங்கே கிடைக்கும்?

கம்பெனி எங்கே கிடைக்கும் என்பதே கேள்வி. 1971-ல் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டாரோடு கைகோத்து பிஞ்சோரில் தொடங்கிய டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்துவிட்டது. பழைய டேங்கைத் தூக்கி எறியாதீர்கள். அதையே அளவாக வைத்து ஒரு நல்ல தகர வேலைக்காரரிடம் செய்துகொள்ளலாம். டிராக்டர் உடைக்கும் கடைகளிலும் ஒரு சுற்று தேடுங்கள். பக்கத்து வயலில் மாசி பெர்குசன் 1035 வைத்திருப்பவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். சென்னையில் டாஃபே இன்னும் ஓடுகிறது, அவருக்கு உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. சிரிக்கட்டும். அவர் டேங்கிலும் தண்ணீர் இருக்கிறது.

மருமகன், கங்கைகொண்டசோழபுரம்: மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த டிராக்டர். டேங்குக்குள் பார்த்தால் முழுக்கத் துரு. கேட்கலாமா?

கேளுங்கள், "மாமா, மூடி எங்கே?" என்று மட்டும். அதற்குமேல் கேட்டால் இன்னும் என்னென்ன துருப்பிடித்திருக்கிறது என்று அவரும் சொல்லத் தொடங்குவார்.

பெட்டிக்கடைக்காரர், கூவத்தூர்: அடியில் கறுப்பாகப் பாசி மாதிரி வழவழ. டீசலில் பாசி பிடிக்குமா?

பூஞ்சை பிடிக்கும். டீசலைத் தின்று, அடியிலுள்ள தண்ணீரைக் குடித்து, இரண்டுக்கும் நடுவில் குடித்தனம் நடத்தும். அது கக்கும் அமிலமும் தகட்டை அரிக்கும். தண்ணீரை வடித்துவிட்டால் குடித்தனம் கலையும். அடி டிரெயின் நட்டை மாதம் ஒருமுறை, காலையில் வண்டியை அசைக்கும் முன்னால், அரை டம்ளர் வடிகிற அளவு திறந்துவிடுங்கள். நட்டு இறுகிப் போயிருந்தால் அதுவே ஒரு சேதி: வாங்கின நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை.

சந்தேகப் பிராணி, ஆண்டிமடம்: தண்ணீர் பங்க்கிலிருந்தே வருகிறது என்பேன். எப்படி நிரூபிப்பது?

டெண்சிட்டி பார்க்கச் சொல்லி எந்த பங்க்கிலும் கேட்கலாம், ஹைட்ரோமீட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கலப்படம் இருந்தால் அதில் தெரியலாம். தண்ணீருக்குச் சுலபமான வழி, கேனில் வாங்கியதை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி அசையாமல் வைப்பது. காலையில் அடியில் கோடு பிரிந்திருந்தால் கேளுங்கள். கேட்பதற்கு முன் அந்தக் கேன் முந்தாநாள் போருக்குத் தண்ணீர் ஊற்றின கேன் இல்லையே என்று வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முந்திரித் தோப்புக்காரர், வரதராஜன்பேட்டை (மறுபடியும், அவசரத் தபால்): நீங்கள் சொன்னபடி கழுவி, காயவைத்து, மாட்டி, இரண்டு பில்டரும் மாற்றிவிட்டேன். இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை!

ஏர் லாக். பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிரைமரை அடியுங்கள். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்கி, அதையே பம்பு ஸ்குரூவிலும் செய்யுங்கள். நாசில் பைப்பைத் தளர்த்தினால் முன்னால் விரலை நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆஸ்பத்திரி வேலை.

எவ்வளவு அடித்தும் நுரைகூட வரவில்லையா? டேங்க் அடியிலுள்ள டேப்பைத் திறந்தீர்களா?